வராத பாக்கியைக் கணக்கில் எழுதுவது எப்படி: மலைக் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் உரக்கடை வைத்திருக்கிறேன். உரம், பூச்சிமருந்து, ஸ்ப்ரேயர், கவாத்துக் கத்தி என்று வியாபாரம். வாங்குபவர்களில் பாதிப் பேர் தேயிலைச் சிறு விவசாயிகள். மீதி காரட், உருளைக்கிழங்கு போடுபவர்களும், புல்தரைக்கும் பூச்செடிக்கும் உரம் எடுக்கும் சில ரிசார்ட்டுகளும். கடன் கொடுக்காமல் இந்த மலையில் உரம் விற்க முடியாது. அப்பாவிடமிருந்து கடை என் கைக்கு வந்தபோது, கூடவே ஒரு நீளமான பற்று நோட்டும் வந்தது. கூட்டிப் பார்த்தால் 11,80,000 ரூபாய் பாக்கி. அதில் சில பெயர்கள் ஊரிலேயே இல்லை.

அந்தப் பாக்கி மொத்தமும் ஏற்கெனவே விற்பனையாகக் கணக்கில் ஏறி, அதற்கு வரியும் கட்டியாகிவிட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்த பிறகு அவசர அவசரமாக ஒரு தொகையைக் கழித்து எழுதி, அதையும் தப்பாக எழுதி, மறுவருடம் வட்டியோடு வரி கட்டினேன். உங்களுக்கு அந்த வட்டி வேண்டாம். கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. இது உங்களுக்குப் பொருந்துமா?

வராத பாக்கியை வாராக்கடன் என்று வருமானத்திலிருந்து கழிக்கும் இந்த வேலையால் மூன்று வகையினருக்கு வரியில் ஒரு பைசாவும் மிஞ்சாது. அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, 44ஏடி என்று நாம் பழகிப்போன உத்தேச வருமான முறையில் ரிட்டர்ன் போடுபவர்கள். விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால், எல்லாச் செலவும் அதிலேயே கழிந்ததாக அர்த்தம். அப்புறம் வாராக்கடனைத் தனியாகக் கழிக்க முடியாது. மலையில் சின்னக் கடைக்காரர்கள் பலர் இந்த முறையில்தான் இருக்கிறார்கள். பாக்கி பெரிதாக மூழ்கும் வருடத்தில் இந்த முறை கட்டுப்படியாகுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆனால் ஒருமுறை வெளியே வந்தால் அடுத்த ஐந்து வருடத்துக்குத் திரும்ப உள்ளே போக முடியாது. ஒரு வருடத்து நஷ்டத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள்.

இரண்டு, பணம் கைக்கு வந்தால்தான் வருமானமாக எழுதுவேன் என்று ரொக்க முறையில் கணக்கு வைப்பவர்கள். வராத பணம் உங்கள் வருமானத்தில் ஏறவே இல்லை. ஏறாததை எப்படிக் கழிப்பது?

மூன்று, கைமாற்று கொடுத்தவர்கள். இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். உரத்தோடு சேர்த்து, கூலி கொடுக்க என்று 20,000 ரூபாய் ரொக்கமாகவும் கொடுத்திருப்பீர்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கும். விற்பனையாகக் காட்டிய உரத்தின் பாக்கியை மட்டும்தான் வாராக்கடன் என்று கழிக்கலாம். கைமாற்று உங்கள் விற்பனையில் ஏறவில்லை. வட்டிக்குக் கொடுப்பது உங்கள் தொழிலும் இல்லை. இன்றே அதைப் பிரித்துத் தனிக் கணக்கில் போடுங்கள்.

2. பாக்கியை வயதுப்படி பிரியுங்கள்

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்கிலும் பில்வாரியாக வைக்கும் வசதியை ஆன் செய்துகொள்ளுங்கள். அது இல்லையென்றால் மொத்தப் பாக்கிதான் தெரியும்; எந்த பில் எத்தனை நாள் பழசு என்று தெரியாது. நோட்டுக் கணக்கு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி உட்காருங்கள். எனக்கு மூன்று ஞாயிறு ஆனது.

என் பட்டியல் இப்படி வந்தது:

90 நாளுக்குள்: 5,20,000
91 முதல் 180 நாள்: 3,00,000
181 முதல் 365 நாள்: 2,10,000
ஒன்று முதல் இரண்டு வருடம்: 90,000
இரண்டு வருடத்துக்கு மேல்: 60,000

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சமவெளிக் கடைக்காரர்களுக்காக எழுதிய பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு முடிவது மார்ச் 31. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலை கருகி, இலை குறைந்து, விவசாயி கையில் காசே இல்லாத மாதங்களுக்கு அடுத்தாற்போல் அந்தத் தேதி வருகிறது. அன்றைக்குப் பட்டியலைப் பார்த்தால் நல்ல மனிதர்கள்கூட 120 நாள் பாக்கிக்காரர்களாகத் தெரிவார்கள். மழை விழுந்து கொழுந்து வந்ததும் மே, ஜூனில் கட்டிவிடுவார்கள். அவர்களைச் சந்தேகப் பட்டியலில் தள்ளாதீர்கள்.

ரிசார்ட்டுகள் இதற்கு நேர் எதிர். ஊட்டி சீசன் ஏப்ரல், மே. அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் கையில் காசு புரளும். ஜூன் முடிந்தும் ஒரு ரிசார்ட் பழைய பாக்கியைத் தரவில்லையென்றால், அது வெறும் 90 நாள் பாக்கியாக இருந்தாலும் எனக்குச் சந்தேகக் கடன்தான். காரட்காரர் பாக்கியோ மேட்டுப்பாளையம் மண்டி விலையைப் பொறுத்தது. விலை விழுந்த போகத்தின் பாக்கி அடுத்த போகத்தில் வரும். இரண்டு போகம் தாண்டினால் கவலைப்படுங்கள்.

அதனால் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தேயிலையா, காய்கறியா, விடுதியா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இந்த ஒரு வார்த்தை எல்லா சதவீதக் கணக்கையும் விட எனக்கு உதவியது.

3. கையெழுத்து வாங்குங்கள்

சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். தவணை எதுவும் பேசாமல் கொடுத்திருந்தால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இத்தனை நாள் கடன் என்று பேசியிருந்தால் அந்த நாள் முடிந்ததிலிருந்து. ‘அண்ணா, அடுத்த இலைப் பணம் வந்ததும் குடுத்துடறேன்’ என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் அந்த மூன்று வருடம் நீளாது. என் நோட்டில் 38,000 ரூபாய் பாக்கி அப்படித்தான் காலாவதியானது. அவர் ஒரு நாளும் இல்லை என்று சொல்லவில்லை. நானும் எழுதித் தாருங்கள் என்று கேட்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சம்.

மூன்று வருடம் முடிவதற்குள் அவர் ‘இவ்வளவு பாக்கி உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்துக்கு இந்தப் பலன் இல்லை. அதற்குள் ஒரு பகுதியைக் கட்டினாலும் மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும், ஆனால் கட்டியதற்கு அவர் கைப்பட எழுதிய அல்லது கையெழுத்திட்ட சீட்டு இருக்கவேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். ‘2026 ஜனவரி 31 அன்று உங்கள் கணக்கில் பாக்கி ரூ. …, சரியென்றால் கையெழுத்திட்டுத் தேதி போட்டுத் தரவும்’ என்று அடித்து, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டு படி எடுத்துக்கொள்கிறேன். மிரட்டலாகத் தெரியாமலிருக்க, எல்லா வாடிக்கையாளருக்கும், பாக்கியே இல்லாதவருக்கும்கூட, ஒரே மாதிரிக் கடிதம் கொடுக்கிறேன். ‘வருடக் கணக்கு முடிக்க ஆடிட்டர் கேட்கிறார்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆடிட்டர் மேல் பழி போடுவதற்குத்தானே ஆடிட்டர் இருக்கிறார்.

கடிதம் கொடுக்க ஏற்ற நேரம் இலைப் பணம் கைக்கு வரும் வாரம். படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு முந்தைய நாட்களில் போகாதீர்கள். பணமும் வராது, உறவும் கெடும்.

சேர்த்து வைக்கவேண்டிய தாள்கள்: பில் நகல், சரக்கு எடுத்ததற்கான கையெழுத்து, கணக்கு நகல், பாக்கிக் கடிதம், திரும்பி வந்த செக்கும் வங்கிச் சீட்டும், நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அதன் நகல், ‘விலாசத்தில் இல்லை’ என்று திரும்பி வந்த தபால் உறை. உறையைக் கிழிக்காதீர்கள். வாட்ஸ்அப் பேச்சையும் தேதி தெரிகிற மாதிரி அச்செடுத்து அதே ஃபைலில் போடுங்கள்.

4. ஒதுக்கு வேறு, போக்கெழுதுவது வேறு

நான் விழுந்த குழி இதுதான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

‘இதில் கொஞ்சம் வராமல் போகலாம்’ என்று மதிப்பிட்டு லாபத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து வைப்பது ஒதுக்கு. பள்ளிப் புத்தகத்தில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று படித்திருப்பீர்கள். யார் தரமாட்டார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கணக்கில் பாக்கி அப்படியே நிற்கும்.

‘இன்னார் தரமாட்டார்’ என்று முடிவெடுத்து, அவர் கணக்கிலிருந்தே பாக்கியை நீக்குவது போக்கெழுதுதல்.

வருமானவரியில் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்குப் போக்கெழுதியது மட்டும்தான் கழியும். ஒதுக்கு கழியாது, அந்தச் சலுகை வங்கி போன்ற நிறுவனங்களுக்குத்தான். நான் ஒதுக்கை வைத்துவிட்டு அதையே வரியிலும் கழித்தேன். வட்டி கட்டியது அதற்குத்தான்.

அப்படியானால் ஒதுக்கு எதற்கு? உங்கள் லாபம் உண்மையில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரிவதற்கு. வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்கும்போதும், தம்பியோடு பாகம் பிரிக்கும்போதும், 11,80,000 முழுதும் வரும் என்று காட்டுவது பொய்க்கணக்கு.

நான் வைத்த விகிதம்: 90 நாளுக்குள் 2 சதவீதம் (10,400), 180 வரை 5 சதவீதம் (15,000), வருடத்துக்குள் 20 சதவீதம் (42,000), இரண்டு வருடத்துக்குள் 50 சதவீதம் (45,000). மொத்தம் 1,12,400. இந்த விகிதங்களைச் சட்டம் சொல்லவில்லை. என் பழைய நோட்டில் எது வந்தது எது வரவில்லை என்று பார்த்து நானே வைத்தவை. உங்கள் நோட்டைப் பார்த்து உங்கள் விகிதத்தை வையுங்கள்.

பதிவு: இலாப நட்டக் கணக்கு பற்று 1,12,400, வாரா ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கு வரவு 1,12,400. இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் தொகையிலிருந்து இதைக் கழித்துக் காட்டவேண்டும். அடுத்த வருடம் 1,30,000 தேவைப்பட்டால் முழுதும் புதிதாக எழுதாதீர்கள். வித்தியாசமான 17,600 மட்டும் சேர்த்தால் போதும். குறைவாகத் தேவைப்பட்டால் மிஞ்சியது லாபத்துக்குத் திரும்பும்.

5. மார்ச் 31-க்குள் போக்கெழுதுங்கள்

இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட 60,000 ரூபாயில் நான்கு பேர். ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கோவைப் பக்கம் போய்விட்டார். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் காலாவதியான அந்த 38,000 ரூபாய்க்காரர். நாலாவது ஒரு விடுதி, கை மாறிவிட்டது.

பதிவு எளிது: வாராக்கடன் கணக்கு பற்று, இன்னார் கணக்கு வரவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு, விளக்கத்தில் பில் எண், தேதி, காரணம் ஒரு வரி. ‘பல கடனாளிகள், 60,000’ என்று மொத்தமாக எழுதாதீர்கள்.

கடன் உண்மையில் மூழ்கிவிட்டது என்று நிரூபிக்கவேண்டிய கட்டாயம் 1989 ஏப்ரல் 1 முதல் இல்லை. கணக்குப் புத்தகத்தில் போக்கெழுதினால் போதும் என்று 2010-இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டுத் தோற்றபிறகுதான் எழுதலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. ஆனால் டைரியில் எழுதினால், மனதில் எழுதினால் ஆகாது. கணக்கில் எழுதவேண்டும், அந்த வருடக் கணக்கு முடிவதற்குள். ரிட்டர்ன் போட்ட பிறகு பின்தேதியிட்டு நுழைக்காதீர்கள். விட்டுப்போனால் அடுத்த வருடக் கணக்கில் எழுதி அந்த வருட வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு: போக்கெழுதினால் கடனைத் தள்ளுபடி செய்ததாகிவிடுமா? ஆகாது. அது உங்கள் புத்தகத்துக்குள் நடக்கும் வேலை. கேட்கும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் ‘உங்கள் கணக்கை முடித்துவிட்டேன்’ என்று அவருக்கு மெசேஜ் போட்டுவிடாதீர்கள். ஊருக்குள் தெரிந்தால் அடுத்த வருடம் உங்கள் பட்டியல் நீளும். நான் போக்கெழுதிய பெயர்களைப் பழைய பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக வைத்திருக்கிறேன். கடைப்பையனுக்கும் காட்டுவதில்லை.

6. வரிக் கணக்கில் எப்படி வரும்

புத்தக லாபம் 6,00,000 என்று வையுங்கள். அதில் ஒதுக்கு 1,12,400, வாராக்கடன் 60,000 இரண்டும் கழிந்திருக்கின்றன. வரிக்காக ஒதுக்கை மட்டும் திரும்பக் கூட்டவேண்டும்: 7,12,400. வாராக்கடன் 60,000 கழிந்தபடியே இருக்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணைப் புதிய ரிட்டர்னில் தேடிக் குழம்பாதீர்கள்.

7. ஜிஎஸ்டி திரும்ப வராது

உரத்துக்கு 5 சதவீதம், ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18. நீங்கள் 10,000 ரூபாய் உரத்துக்கு 10,500 பில் போட்டு, 500-ஐ அரசுக்குக் கட்டிவிட்டீர்கள். வாங்கியவர் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அந்த 500 திரும்பக் கிடைக்காது.

சிலர் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டு அதை எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். சரக்கு திரும்பி வந்தால், குறையிருந்தால், விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால்தான் வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட் போடலாம். பணம் தரவில்லை என்பது அதில் ஒரு காரணம் இல்லை. இன்னொன்று, வரித்தொகை உங்கள் விற்பனையில் ஏறியதில்லை. அதனால் போக்கெழுதும்போது 10,000-க்கு ஒரு பதிவு, 500-க்கு ஒரு பதிவு என்று பிரித்து எழுதுங்கள். ஆடிட்டர் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்.

ஜிஎஸ்டியில் நமக்கு ஒரு பிடி உண்டு. உள்ளீட்டு வரி எடுத்த (நம் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தான் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்ட) வாடிக்கையாளர், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். 150-ஆவது நாள் இதை நினைவூட்டி அவர்கள் கணக்காளருக்கு ஒரு மெயில் போடுங்கள். முதலாளிக்கு அல்ல, கணக்காளருக்கு.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் வரவேண்டும் என்ற விதியை நம்பி நானும் உத்யம் பதிவு செய்தேன். அந்தப் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இல்லை.

8. விடாமல் கேட்கும் வழிகள்

செக் திரும்பினால் நாட்களை எண்ணுங்கள். வங்கிச் சீட்டு கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ். அது அவருக்குக் கிடைத்து 15 நாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் கோர்ட்டில் புகார். நான் ஒருமுறை 30 நாளைத் தவறவிட்டேன். செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாததால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பி வந்ததை வைத்து நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீலுக்கு 1,500 ரூபாய் ஆனது. தபால் செலவு நூறு ரூபாய்க்குள்.

சிவில் வழக்கு என்றால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம், வக்கீல் செலவு தனி, கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடை. 50,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும் பாக்கிக்கு நான் அந்தப் பக்கம் போவதில்லை. அதற்குப் பதில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசலாம். கட்டணம் இல்லை. உடன்பாடு வந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. எதிராளி வந்து உட்கார்ந்தால்தான் நடக்கும் என்பது ஒன்றுதான் குறை.

9. போக்கெழுதிய பணம் திரும்பி வந்தால்

வரும். கோவைக்குப் போனவர் இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு மலையேறி வந்தார். கடைக்கு வந்து 9,000 ரூபாய் கொடுத்தார்.

அதை அவர் பழைய கணக்கில் வரவு வைக்காதீர்கள். அங்கே பாக்கியே இல்லை, கணக்கு தலைகீழாகிவிடும். ரொக்கம் பற்று, மீட்ட வாராக்கடன் கணக்கு வரவு. முன்பு வரியில் கழித்த தொகை என்பதால் வந்த வருடத்தில் அது வருமானம், வரி உண்டு. பெரிய பாக்கி மொத்தமாக வந்தால் ஒரே ஆளிடம் ஒரு நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விழும். பணத்துக்குப் பதில் காரட் மூட்டையோ கிழங்கு மூட்டையோ இறக்கினால், அன்றைய மண்டி விலைக்கு அதைக் கொள்முதலாக எழுதி, அந்தத் தொகையை மீட்பில் காட்டுங்கள். அவர் கையில் ரசீதும் கொடுங்கள்.